நீ மூடிய மேல்பாதை

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முறைக்குக் கேட்டுவிட்டேன். இனி சண்டை.

மூன்றாவது செக்பாயின்ட்டைத் தொட்டபோது, ஒன்பது வருஷமாக அசையாத உன் மலை ஓட்ட ரெக்கார்டை விட நான்கு நிமிஷம் முன்னால் இருந்தேன். அங்கே காவலுக்கு நின்ற நம் ஊர்த் தபால்காரர் வாக்கிடாக்கியைக் காதிலிருந்து எடுக்காமலே, "மேல்பாதைய மூடியாச்சும்மா, எல்லாரும் கீழ்ப்பாதைல இறங்குங்க. உங்க அக்கா உத்தரவு" என்றார். காற்று மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால்தான் மூட வேண்டும் என்பது நீயே எழுதிய விதி. அவர் கையிலிருந்த காற்றளக்கும் கருவி நாற்பத்திரண்டு காட்டியது. எட்டிப் பார்த்தேன்.

பந்தயத்தை நடத்துகிறவள் நீ. உன் ரெக்கார்டைக் காப்பாற்ற மலையையே மூடிவிட்டாய். வயிற்றெரிச்சல் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் தங்கை

மே 17

அன்புள்ள வாலுக்கு,

ஓடியவர்களின் நம்பர் துணிகளை மடித்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். நூற்று முப்பது பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்திக்கு மட்டும் கோபம்.

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கருவி சொல்லும்வரை காத்திருந்தால் ஸ்ட்ரெச்சரோடுதான் ஏற வேண்டும். ஓடுகிறவர்கள் பயப்படுவதில்லை, அவர்களுக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. மழைக்கோட்டுகூட இல்லாமல் அந்த முகட்டில் ஒரு மணி நேரம் நின்று பார், தெரியும்.

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறாள் அம்மா.

அக்கா

மே 21

அக்கா,

சாப்பாட்டை விடு. என்னிடம் மழைக்கோட்டு இல்லை என்று உனக்கு யார் சொன்னது? நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆமாம், வீட்டில் கட்டில் மேலேயே போட்டுவிட்டு வந்தேன். தப்புதான். ஆனால் நீ ரெக்கார்டு வைத்த வருஷம் கோட்டு கட்டாயம் என்ற விதியே கிடையாது. வெறுங்கையோடு ஓடினாய். நடத்துகிறவளான பிறகு எங்கள் முதுகில் கோட்டு, விசில், விளக்கு எல்லாவற்றையும் ஏற்றினாய். நீ ஓடியது போலவே ஓடி உன்னை முந்த வேண்டும் என்று இருந்தது எனக்கு. சின்ன வயதிலிருந்து "அக்கா மாதிரி ஓடு" என்று கேட்டுக் கேட்டு மனசு ஆறவே இல்லை.

ஓட்டத்துக்கு முன் நடந்த பை சோதனையில் என் பையை வாங்கியவள் நீதான். பதில் எழுது.

தங்கை

மே 29

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இனி முடியாது.

பையைத் தூக்கியதுமே கோட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. திறந்திருந்தால் உன்னை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். திறக்காமல் டிக் போட்டேன். பாசம் என்று நினைத்துவிடாதே. மேலே போய் நடுங்கட்டும், பாதியில் திரும்பட்டும், ரெக்கார்டு என் பேரிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். முழங்கால் போய் ஓட முடியாதவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

இரண்டாவது செக்பாயின்ட்டில் உன் நேரத்தைக் கேட்டபோது வயிறு எரிந்தது. அப்போதுதான் மேகத்தைப் பார்த்தேன். கோட்டில்லாமல் நீ அதற்குள் போகிறாய் என்று உறைத்தது. உன்னை மட்டும் நிறுத்தச் சொன்னால் நான் செய்தது வெளியே வந்துவிடும். அதனால் எல்லாருக்குமே மூடினேன். மற்றதெல்லாம் சாக்கு.

இதை அப்படியே பந்தயக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி பந்தயத்தைக் குழுவில் இருக்கிற டாக்டரம்மா நடத்துவார். நான் அந்தப் பக்கமே வரப்போவதில்லை.

அக்கா

ஜூன் 4

அக்காவுக்கு,

கோட்டில்லாமல் ஓடியதை நானும் குழுவுக்கு எழுதினேன். எனக்கு ஒரு வருஷம் தடை.

மேகத்துக்குள் நான் விழுந்து கிடந்திருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஆனாலும் உன்னை மன்னிக்க மனசு வரவில்லை.

தடை முடிந்ததும் முழுச் சுமையோடு ஓடுவேன். நீ வர வேண்டும். முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்க வேண்டும். எத்தனை விநாடி வித்தியாசத்தில் உன்னை முந்தினேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நீயே சொல்ல வேண்டும். வயிறு எரிந்தாலும் சொல்ல வேண்டும். மற்றதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உன் தங்கை