அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம்

மார்ச்சு 11, வியாழன். காஜா பெராங், மலாக்கா.

தேசியக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர் வேலைக்கு அண்ணன் விண்ணப்பித்ததற்கு இன்று பதில் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைக்கிறார்களாம். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து எட்டாவது வருடம். பந்து உதைக்கச் சொல்லித்தர இன்னும் வெள்ளைக்காரர்தான் வேண்டும். கடைசிப் பத்தி அதைவிட மோசம். வருகிறவருக்கு ஆட்டக்காரர்களைத் தெரியாது. பாதிப் பேர் மலாக்காவில் அண்ணனிடம் ஆட்டம் பழகியவர்கள். ஆகவே ஒவ்வொருவரையும் பற்றி அண்ணன் குறிப்பு அனுப்ப வேண்டுமாம்.

"நான் சொல்றேன், நீ எழுதும்மா. உன் இங்கிலீசுதான் நல்லா இருக்கும்" என்றார்.

"வேலை அவருக்கு, மூளை மட்டும் உங்களுதாண்ணே?"

"கோபப்படாதலா. ஆடப்போறது நம்ம பசங்க."

மூன்று பக்கம் சொன்னார். நோன்பு மாதத்தில் யாரை எப்போது ஓடவிடலாம், மழையில் கோல் கீப்பர் எந்தப் பக்கம் தடுமாறுவார், எல்லாம். இடப்பக்கம் ஆடுபவர் முட்டிவலியை மறைப்பார். வலி கூடினால் சிரிப்பார். சிரித்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும்.

முட்டி விஷயத்தை மட்டும் நான் எழுதவில்லை. வெள்ளைக்காரர் தோற்கட்டும் என்று விட்டேன். அண்ணன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினார்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. முட்டி போனால் நொண்டப்போவது வெள்ளைக்காரர் இல்லை. எழுந்து உறையைப் பிரித்து அந்த வரியையும் சேர்த்துவிட்டேன். அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது அந்தத் தாள்களில் இருக்கிறது. இனி அவர்களுக்கு அண்ணன் எதற்கு?