மந்திரி வீட்டு விருந்து

வொலிட்சா, 1864 பிப்ரவரி 20

அன்பு மகன் செவெரினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அக்கா பொகுமிலாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பாரிஸ் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். தபாலை ருஷ்யர்கள் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் குதிரை வியாபாரி ஒருவர் இதைக் கோட்டுக்குள் தைத்து எல்லை தாண்டி, ஆஸ்திரியப் பக்கம் கிராக்கோவில் தபாலில் போடுவார். அக்கா இன்னும் அடிமைப்பட்ட நாட்டுக்காகக் கறுப்பு உடைதான் உடுத்துகிறாள். போன வாரம் போலீஸ்காரன் வந்து எதற்கு இந்தத் துக்கம் என்று மிரட்டியதற்கு, என் மாமியார் செத்துட்டாங்க, அதுக்குத்தான் என்றாளாம். மாமியார் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலு நாளாக அந்த அம்மாள் இவளோடு பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ருஷ்யர்களை எதிர்க்கும் நம் ரகசிய அரசாங்கம் படை உதவி கேட்க உன்னை பாரிஸுக்கு அனுப்பி ஒரு வருஷமாகப் போகிறது. பிரெஞ்சு மந்திரி விருந்துக்குக் கூப்பிட்டார், பக்கத்தில் உட்கார வைத்தார், போலந்து என்றதும் கண் கலங்கினார் என்று நீ எழுதியதை எல்லாம் ஊரைக் கூட்டி வாசித்தேன். நம் ஊரில் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ரொட்டியும் உப்பும் வைத்துவிட்டால் அவன் கஷ்டம் நம் கஷ்டம், அவனைத் துரத்தி வருகிறவனை நாம்தான் வாசலில் நின்று மறிக்க வேண்டும். அதனால் நம்பினோம். நவம்பரில் ருஷ்யர்களோடு சண்டை போடும் உன் தம்பி கயெத்தான் காட்டிலிருந்து வந்தான், பனியில் கால்விரல் இரண்டு கறுத்துப்போயிருந்தன, கூட நாலு பையன்கள். ஆஸ்திரிய எல்லைக்குப் போய்விடலாம் என்றுதான் வந்தார்கள். அண்ணன் என்னப்பா எழுதியிருக்கு, மந்திரி சாப்பாடு போட்டாரா இல்லையா என்று கேட்டான். மூன்று தடவை போட்டார், வாத்து வறுவலோடு என்றேன். அப்போ படை வந்துரும்ப்பா, வசந்தம் வரைக்கும் தாக்குப்பிடிச்சா போதும் என்று சிரித்துவிட்டு, ஐந்து பேரும் திரும்பக் காட்டுக்கே போய்விட்டார்கள். அதில் இரண்டு பேரை ஜனவரியில் புதைத்தோம்.

உன்னைக் குறை சொல்லவில்லை ராஜா. அந்நிய வாசலில் நாட்டுக்காகக் கையேந்தி நிற்பது லேசான காரியமா? ஆனால் உன் கடைசிக் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மந்திரி ஜாருக்கு மூன்று கடிதம் எழுதினார், ஜார் பதில் எழுதினார், மந்திரி மறுபடி விருந்து வைத்தார். படை என்ற சொல் எங்குமே இல்லை. அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது, அந்த ஊரில் சாப்பாட்டு நேரம் வந்தால் சாப்பாடு போடுகிறார்கள், அவ்வளவுதான்.

வசந்தம் வரை இருக்கிறேன் என்று கயெத்தான் மறுபடி சொல்லியனுப்பினான். நான் ஒரு காரியம் செய்தேன். உன் கையெழுத்து என்னிடமிருந்து வந்ததுதானே, அதே சாய்வு. யாரும் வரப்போவதில்லை தம்பி, எல்லையைத் தாண்டிவிடு என்று நீ எழுதுவதுபோல எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். படித்துவிட்டுத் துப்பாக்கியைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை எல்லையைத் தாண்டிவிட்டான். உன்னிடம்தான் வருகிறான்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் பத்திரமாக வைக்கட்டும், கன்னி மரியாள் துணை. வந்ததும் அவனை வைத்தியரிடம் காட்டு. ஒரு வருஷமா எங்களை ஏன் ஏமாத்தினே என்று வாய்க்கு வந்தபடி திட்டுவான், எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொள். அந்தக் கடிதம் உன்னுடையதுதான் என்று சொல். நான் போகச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டான், அண்ணன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பித்தான் நடந்தான். நான் எழுதியது பொய்யா, மெய்யா என்று எனக்கு மட்டும் ஒரு வரி எழுதிவிடு.

உன் அப்பா,
ஹியரோனிம்