மெய்யியல் வகுப்பை விட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

கணக்கியலும் வணிகமும் படிக்கும் உனக்கு மெய்யியல் எதற்கு, விட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். விடாதே.

நேற்று நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. சாமான்களை விட்டுவர யாருக்கும் மனமில்லை. அப்பாதான் கத்தினார்: "எந்தக் கணக்குலயும் எழுத முடியாத நட்டம் இருக்குன்னு எம்புள்ளைக்கு வகுப்புல சொன்னாங்களாம். உசுரோட வாங்க!"

எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம். நடக்க முடியாத ராக்கம்மாவைத் தூக்கிவர அப்பா மட்டும் திரும்பிப் போனார்.

இப்போது மழை விட்டிருக்கிறது. லயம் இருந்த இடத்தில் ஆட்கள் மண்ணை அள்ளுகிறார்கள். என்னை அங்கே போக விடுகிறார்களில்லை. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

அப்பாவின் போனுக்குக் கோல் எடுக்காதே. அதில் சார்ஜ் இல்லை. பரீட்சையை எழுதி முடி. பாதை திறந்ததும் சொல்லி அனுப்புகிறேன், அப்போது வா.

உன் அம்மா