சொட்டுக்குழாயில் ஆணி

பிப்ரவரி 9
பெங்களூர் வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் விவசாயத் திட்ட ஆபீஸிலிருந்து மாலூர் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் டிராஃபிக்கில் போயிற்று. சின்னப்பாவின் தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டாயிற்று. அந்த ஊரில் சம்மதித்த முதல் விவசாயி அவர்தான். போர்வெல்லோ இப்போதே திணறுகிறது. இந்தக் கோடையில் அவர் பயிர் பிழைத்தால்தான் மற்றவர்கள் குழாய் போடுவார்கள். கருகினால் அங்கே நான் வாயே திறக்க முடியாது.

பிப்ரவரி 21
‘பருவநிலைக்கேற்ற விவசாயம்’ என்று பேனர் கட்டி மறுபடியும் கூட்டம். வீட்டில் தமிழ் பேசுகிற சின்னப்பா, கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் "ஆய்த்து மேடம், ஆய்த்து" என்று கன்னடத்தில் ‘சரி, சரி’ போட்டுத் தலையாட்டினார்.

மார்ச் 3
கடவுளே! குழாயின் ஓட்டைகளை யாரோ ஆணியால் குத்திப் பெரிசாக்கியிருக்கிறார்கள். முன்வரிசைச் செடிகள் சேற்றில் நிற்கின்றன, கடைசி வரிசை வாடுகிறது. யார் செய்தது என்றால் சின்னப்பா வானத்தைப் பார்க்கிறார். இத்தனை நாள் நான் சுவரிடமா பேசினேன்?

மார்ச் 4
மானேஜர் வெங்கி: "இன்னொரு டிரெய்னிங் வெச்சிடலாம், மங்கை."
வை. சமோசா தீரும். வேறென்ன நடக்கும்?

மார்ச் 11
புதுக் குழாய் மாற்றிவிட்டுத் திரும்பினால் — சின்னப்பாவின் மனைவி பாஞ்சாலி கையில் ஆணி!

"தண்ணி தரையில ஓடவே இல்லம்மா. செடி இன்னாத்த குடிக்கும்?"

"கூட்டத்துல சொன்னோமே, கேக்கலியா?"

"என்ன யாரு கூப்டாங்க? கூட்டத்துக்கு அவரு போவாரு. தண்ணி பாய்ச்சறது நானு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவராவது தோட்டத்தில் வால்வைத் திறந்திருப்பார்களா? அதைக் கேட்க வேண்டும் என்று எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

செடிக்கடியில் தோண்டச் சொன்னேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே மண் ஈரமாக உருண்டது. பாஞ்சாலி அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆணியை எறியவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் 20
பக்கத்துத் தோட்டத்து போர்வெல்லில் வெறும் காற்றுதான் வருகிறது. பாஞ்சாலியின் தக்காளி சிவக்கிறது. ஒரு குழாயிலும் புது ஓட்டை இல்லை.

மே 6
ஆபீஸில் விழா. ‘முன்னோடி விவசாயி’ சின்னப்பாவுக்குச் சால்வை. பாஞ்சாலியையும் கூப்பிடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்! "நிலம் அவர் பேர்லதானே இருக்கு?" என்றார் வெங்கி. எரிச்சலாக வந்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சின்னப்பா மைக்கை இடக்கைக்கு மாற்றினார். பிறகு, மேடையிலேயே போனை எடுத்துப் பாஞ்சாலியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மே, தண்ணி எவ்ளோ நேரம் உடறோம்?"

"அப்பறமா கூப்புடுய்யா. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வந்துகிறாங்க, மண்ணத் தோண்டிக் காட்டினு இருக்கேன்."

பாஞ்சாலி போனை வைத்துவிட்டார்.