உப்பில் பிறந்த புல்

இன்று காலையில் அரிவாளைத் தீட்டி முன்வாசல் புல்லை அரிந்தேன். கையெல்லாம் பச்சை வாசம். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நீங்கள் இருந்தால் சிரிப்பீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன மறு வருஷம் தருமபுரத்தில் இந்த வீட்டைக் கட்டினோம். வாசலில் கத்தரியும் வெண்டையும் போடலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. துரை பங்களாவில் குமாஸ்தாவாக இருந்தபோது பார்த்த புல்தரை உங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"நமக்கு ஒரு பிள்ளை பொறந்தா அதுல உருளட்டும் புள்ள. விழுந்தாலும் அடிபடாது" என்றீர்கள்.

வெறும் மடியோடு வருஷங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவள் நான். பிள்ளை என்று சொன்னதும் அடங்கிவிட்டேன்.

முதலில் பங்களாவிலிருந்து பட்டை இலைப் புல்லைப் பெயர்த்து வந்து நட்டீர்கள். நம் கிணற்றின் உப்புத் தண்ணீருக்கு அது தாங்கவில்லை, வெயில் ஏறியதும் கருகியது. அடுத்து அருகம்புல் வைக்கலாம் என்றீர்கள். நான் சுரக்குடியில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். "அருகைப் புடுங்கிப் புடுங்கியே எங்கம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சுது. அதைப் போயி வாசல்ல நடுவாங்களா? ஊரே சிரிக்கும்" என்றேன்.

அப்புறம் ஒரு நாள் அரசலாறு கடலில் விழும் இடத்துக்குப் போயிருந்தோம். அங்கே மணலில், ஆடு மேய்ந்து மேய்ந்து பாய் மாதிரி படிந்திருந்த ஒரு புல்லைப் பார்த்தேன். ஊசி மாதிரி இலை. பேர் எனக்கும் தெரியாது, ஆடு மேய்த்தவருக்கும் தெரியாது. "உப்புல பொறந்ததுங்க இது. நம்ம தண்ணிக்கு இதுதான் சரி" என்று காட்டினேன். நீங்கள் உடனே குனிந்து ஒரு கை பெயர்த்தீர்கள்.

கணுக்கணுவாகக் கிள்ளி, நாற்று நடுகிற மாதிரியே பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டேன். அவ்வப்போது குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தோம். மற்ற களையெல்லாம் சுருண்டது, இது அசையவில்லை. ஒரு தப்பு மட்டும் நடந்துபோனது. மணலுக்குச் சத்துப் போதாதென்று என் அப்பா தன் வயல் மண்ணை வண்டியில் ஆசையாகக் கொண்டுவந்து கொட்டினார். வயல்காரர்களுக்கு அவரவர் வயல் மண்ணைவிட உசந்த மண் உலகத்தில் கிடையாது. அந்த மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்தது. கோரைக்கு உப்பெல்லாம் உறைக்காது. அரிந்த மறுநாளே புல்லுக்கு மேலே தலையை நீட்டும். "பாரு, ஒங்கப்பா குடுத்த சீதனம்" என்று கேலி பேசுவீர்கள். நான் கம்பியால் நெம்பிக் கிழங்கோடு எடுப்பேன்.

அரிந்த புல்லைச் சாக்கில் கட்டச் சொல்வீர்கள். போலகத்தில் ஒரு சிநேகிதர், அவர் மாட்டுக்கு என்றீர்கள். ஓரத்தில் ஓடிய புல்கொடிகளையும் வேரோடு எடுத்து அதில் வைப்பீர்கள்.

"வேரோட எதுக்குங்க? மாடு வேரையா திங்கும்?"

"அந்த மாட்டுக்கு அதுதான் புடிக்குதாம்."

நானும் சிரித்துக்கொண்டே சாக்கின் வாயைக் கட்டிச் சைக்கிளில் தூக்கி வைத்தேன்.

அந்தச் சிநேகிதர் வீட்டில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்று சொல்லி, உங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை. கருமாதி முடிந்ததும், சைக்கிள் அங்கேயே நிற்கிறது, எடுத்துவரப் போகிறேன் என்றேன். "நான் போயி எடுத்தாரேன், நீ எதுக்கு?" என்றார் என் அண்ணன். நான் விடவில்லை. வண்டி கட்டிக் கூட்டிப்போனவர், அந்த வாசலில் இறங்கவே இல்லை. மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சிநேகிதர் யாரும் வரவில்லை. ஒரு பெண் வந்தாள், என்னைவிடச் சின்னவள். அவள் நெற்றியும் என் நெற்றி மாதிரியே வெறுமையாக இருந்தது.

"வாங்கக்கா" என்றாள்.

குனிந்து பார்த்தேன். என் காலடியில் ஊசி இலைப் புல். அந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு, எந்தப் புல்லும் வரும். ஆனாலும் என்னுடையதுதான் அங்கே பாய் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு பெண் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

நான் புல்லையே பார்ப்பதைக் கண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் அவளே சொன்னாள். "பாப்பா விழுந்தாலும் அடிபடக் கூடாதுன்னு, அவங்களே எங்கெங்கயோ தேடிப் புடிச்சு வச்சாங்கக்கா. இந்த ஒண்ணுதான் போவ மாட்டேங்குது. அறுக்க அறுக்க வருது."

அவள் காட்டிய இடத்தில் கோரை நின்றது. என் அப்பாவின் சீதனம்.

"கிழங்கோட எடுக்கணும். மேல அறுத்தா போவாது" என்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொருத்தியை வைத்துக்கொண்டீர்கள். ஊரில் நடக்காததா என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் எனக்கென்று சொன்ன சொல்லை அப்படியே அங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கண்டெடுத்த புல்லை என் கையாலேயே கட்டவைத்துக் கொண்டுபோய், நீங்கள் தேடியது என்றிருக்கிறீர்கள். அதுதான் ஆறவில்லை.

இதைக் கொத்திப்போட்டுக் கத்தரி வை என்கிறாள் அண்ணி. மண்வெட்டியோடு போய் நின்றேன், வெட்ட வரவில்லை. அது நான் தேர்ந்த புல். உங்கள் பேரில் உள்ள கோபத்துக்கு அதை எதற்கு அழிக்க வேண்டும்? பழையபடி அரிகிறேன், கோரையை நெம்புகிறேன்.

நீங்கள் விழுந்ததற்கு முந்தின நாள் கழற்றிப்போட்ட சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது. அதிலும் இந்தப் பச்சை வாசம் இருக்கிறது. நீங்கள் சைக்கிளை விட்டு இறங்கி வரும்போதெல்லாம் நம் வாசல் வாசமென்று நினைத்து முகர்ந்தவள் நான். எந்த வாசலுடையது என்று இப்போது தெரியவில்லை. துவைக்கவும் மனசில்லை.