யாரிடமும் சொல்லாமல் கிளம்பிய ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழையில் படிகள் வழுக்கும், பார்த்து இறங்குங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பனிவண்டி வாங்கிவிட்டேன். இந்த வடதுருவப் பக்கத்துப் பாஃபின் தீவில் அது இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய்ப் பனிக்கட்டி வெட்டினேன். இங்கே நல்ல தேநீர் என்றால் அதை உருக்கிய தண்ணீரில்தான் போடுவார்கள். திரும்பும்போது காற்று கிளம்பி, வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டன. அப்போது ஒரு வண்டித்தடம் தெரிந்தது. முன்னால் யாரோ போகிறார்கள் என்று கத்திக்கொண்டே துரத்தினேன். கொஞ்ச நேரத்தில் தடம் இரண்டாயிற்று, பிறகு மூன்று. எல்லாம் என்னுடையவை. பெட்ரோல் தீரும்வரை சுற்றியிருக்கிறேன். பிறகு வண்டியின் மறைவில் சுருண்டு படுத்தேன்.

கடல்நாய் வேட்டையிலிருந்து திரும்பிய எலிசாபி என்ற பெண் என்னைக் கண்டுபிடித்தாள். தடங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"உன்னையே துரத்திக்கிட்டு இருந்தியா? பிடிச்சியா, இல்லையா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கிளம்புறப்போ யார்கிட்ட சொல்லிட்டு வந்தே?"

இங்கே குழந்தைகூடச் சொல்லாமல் கிளம்பாது. "மறந்துட்டேன்" என்றேன்.

மறக்கவில்லை அம்மா. சொல்ல ஆள் இல்லை.

கையுறை பின்னினால் சிவப்பு நூலில் பின்னுங்கள், தூரத்திலிருந்தே தெரியட்டும். நம் ஊர் மீன் ஆலையில் ஆள் எடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், எந்த வேலையானாலும் சரி.

தபால் விமானம் வந்துவிட்டது. இனி வண்டியைக் கிளப்பும் முன் உங்களுக்குப் போன் செய்வேன். எதுவும் பேச வேண்டாம். எடுத்தால் மட்டும் போதும்.

உங்கள் லியாண்டர்