மூடி போட்ட கூழ்

பௌர்ணமி, வெள்ளிக்கிழமை இரவு

என் சிநேகிதன் குமரன் புதுச்சேரியில் கேழ்வரகு பீர் ஆலை தொடங்கியபோது, திறப்பு விழாவில் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். எதிரில் பார் முதலாளிகள். என் நாக்கு சும்மா இருக்குமா?

“ஆடி மாசம் அம்மன் கோயில்ல சும்மா ஊத்துற கூழை, நம்மாளு மூடி போட்டு விக்கிறான்!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். குமரனும்தான்.

இன்று மாலை, வழக்கம்போல இருவரும் திருவண்ணாமலையில் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை தாண்டியதும் குமரன் மெதுவாகச் சொன்னான்.

“எந்த பாருக்குப் போனாலும் ‘கூழ் வந்துடுச்சு’னு சிரிக்கிறாங்கடா. ஏற்கனவே பத்து கம்பெனி பீர் அடுக்கி வெச்சிருக்காங்க. என்னுத யாரு வாங்குவாங்க? அடுத்த மாசம் மூடிடறேன்.”

திறப்பு விழா அன்று அந்த பீரை மூன்று பாட்டில் குடித்தவன் நான். அவ்வளவு நன்றாக இருந்தது. அதை மட்டும் மைக்கில் சொல்லவில்லை.

“நல்லதா ஒரு வரி சொல்லேன்டா. நீ சொன்னா ஜாஸ்தி பரவுதே” என்றான்.

மீதி மலையைச் சுற்றும்வரை யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. “பரவால்ல, விடு” என்று தோளைத் தட்டிவிட்டு பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்து ஐந்து வரி எழுதினேன். ஐந்தையும் அடித்துவிட்டேன். எல்லாமே சிரிப்பாகத்தான் வருகிறது.